ஒரு மணி நேரமாவது

“போன வாரத்துல ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டபோது எத்தெல்வினாவின் கைகள் முழங்கைவரை சோளமாவில் இருந்தன. காலை ஏழு மணிகூட ஆகவில்லை. சமையலறை தெருவைப் பார்த்தது. கதவு திறந்தே கிடந்தது. அடுப்பின் மேலிருந்த பெரிய இரும்புக்கல்லில் கோர்தித்தா என்கிற தடித்த சோளரொட்டிகள் பதினொன்று ஒன்றன்பின் ஒன்றாக உப்பிக்கொண்டிருந்தன. உப்பியதை எடுத்து, விளிம்பில் கத்தியால் கீறி, உள்ளே பீன்ஸோ, சிவப்பு மிளகாயில் வெந்த பன்றித்தோலோ, சப்பாத்திக்கள்ளித் துண்டுகளோ வைத்து, துணி விரித்த வாளியில் அடுக்க வேண்டும். ஒன்பது மணிக்குள் வாளியைத் தூக்கிக்கொண்டு நான்கு தெரு தாண்டி, அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிற இடத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். கட்டட ஆட்களின் பசி யாருக்காகவும் காத்திருக்காது.

கேள்வி கேட்டவள் பெயர் ப்ரிசெய்தா. கணக்கெடுப்பு அலுவலகத்தின் பழுப்புச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஐந்து தடவை வந்து, வீட்டில் யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவது அவள் வேலை. இது நான்காவது தடவை. முதல் தடவை வந்தபோது எத்தெல்வினா நெடுஞ்சாலை ஓரத்துத் தொழிற்சாலையில் கார்களுக்கான மின்கம்பிக் கட்டுகளைப் பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை வருவதற்குள் தொழிற்சாலை மூடிவிட்டது. அந்தத் தடவையும் அதற்கடுத்த தடவையும் அவள் யோசிக்காமல், “பண்றேன், பண்றேன், சும்மா உக்காந்திருக்க முடியுமா” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் என்று தன்னைப் பற்றி ஒரு காகிதத்திலும் எழுதிவிடக் கூடாது என்கிற ரோஷம். அந்த ரோஷத்துக்காகத்தான் இந்த எட்டு நாளாக அவள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

“இல்ல,” என்றாள்.

ப்ரிசெய்தாவின் விரல் டேப்லெட்டின் மேல் அந்தரத்தில் நின்றது. அவள் கண் கல்லுக்குப் போய், வாளிக்குப் போய், திரும்ப எத்தெல்வினாவின் முகத்துக்கு வந்தது.

“தோன்யா எத்தெல்…” என்று மரியாதைச் சொல் சேர்த்துக் கூப்பிட்டாள்.

“இல்லன்னு சொன்னேன். எழுதிக்க.”

ப்ரிசெய்தா எழுதினாள். அடுத்த கேள்வியைப் படித்தாள். “இப்ப நீங்க சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். போன வாரம் ஒரு மணி நேரமாவது, வருமானம் வர்ற மாதிரி ஏதாவது செஞ்சீங்களா? எதையாவது தயார் பண்ணி வித்தீங்களா, யாருக்காவது கூலிக்கு ஒத்தாசை பண்ணீங்களா?”

“நான் சொன்னத ஏன் ஒரு பக்கம் வைக்கணும்?”

“அப்படித்தான் இதுல இருக்கு. நான் எழுதினதில்ல தோன்யா.”

எத்தெல்வினா கல்லில் இருந்ததைத் திருப்பிப் போட்டாள். விரல் நுனி சுட்டது, உதறினாள். “வேலைன்னா என்னன்னு எனக்குத் தெரியும்டி பொண்ணே. பதினெட்டு வருஷம் பாத்திருக்கேன். காலைல அஞ்சரைக்கு பஸ் வந்து கூட்டிக்கிட்டுப் போகும். காய்ச்சல்னா டாக்டர் உண்டு. டிசம்பர்ல போனஸ் உண்டு. நான் செத்தா என் பொண்ணுக்கு ஏதோ வரும்னு ஒரு எண் குடுத்திருந்தாங்க. அது வேலை. இதுல அதுல ஒண்ணு இருக்கா, நீயே பாத்துச் சொல்லு. மழை பெஞ்சா இல்ல. கட்டடம் முடிஞ்சா இல்ல. நான் கீழ விழுந்தா இல்ல.”

“புரியுது. ஆனா வித்தீங்கல்ல?”

விற்றாள்தான். ப்ரிசெய்தாவின் விரல் கீழே இறங்கியது. திரையில் இன்னும் ஏழெட்டுக் கேள்வி ஓடியது. எத்தனை மணி நேரம், சொந்தமாகவா கூலிக்கா, கணக்குப் புத்தகம் உண்டா. எத்தெல்வினா ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசியில் மாவுக் கையோடு எட்டித் திரையைப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே “வேலையில் இருப்பவர்” என்று இருந்தது.

* * *

எட்டு நாளுக்கு முன் பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடலில் ஒரு கூட்டம் நடந்தது. தொழிற்சாலையிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட நானூற்றுச் சொச்சம் பேரில் முந்நூறு பேராவது வந்திருந்தார்கள். வேலை பறிபோன பகுதிகளுக்கென்று மாநிலத்தில் ஓர் உதவி நிதி உண்டு. பத்து மாதத்துக்கு ஒரு தொகை, புதுத் தொழில் கற்க வகுப்பு. அதைக் கேட்டு மனுப் போட்டுப் போட்டு ஓய்ந்த பிறகு தலைநகரிலிருந்து ஓர் அதிகாரியை அனுப்பியிருந்தார்கள். பெனவீதெஸ் என்று பெயர். இஸ்திரி கலையாத சட்டை, தண்ணீர்ப் பாட்டிலை மேசையில் நேராக வைத்துக்கொண்டு பேசுகிற மனிதர். வெள்ளைத் துணியில் படம் காட்டினார். நாடு நாடாக நீலப் பட்டைகள். எவ்வளவு உயரமோ அவ்வளவு வேலையில்லாதவர்கள்.

“இது தென்னாப்பிரிக்கா, நூத்துக்கு முப்பத்திரண்டு பேருக்கு வேலை இல்ல. இது ஸ்பெயின், பதினொண்ணு. கனடா ஆறரை. வடக்க இருக்கிற பெரிய அண்ணன்கூட நாலுக்கு மேல. இப்ப நம்மளப் பாருங்க.” குச்சியால் தொட்டார். ஓரத்தில், விரல்கடை உயரத்தில் ஒரு பட்டை. “மூணுகூட இல்ல. உலகமே நம்மளப் பாத்துப் பொறாமைப்படுது.”

நிதியைத் திறக்கப் பகுதியின் விகிதம் ஐந்தைத் தாண்ட வேண்டும், இங்கே அது மூன்றைச் சுற்றித்தான் நிற்கிறது, சட்டத்தை மீற அவரால் முடியாது, சில மாதம் கழித்து வருகிற அடுத்த கணக்கைப் பார்த்து மறுபடி பரிசீலிப்பார்கள். இதைச் சொல்லிவிட்டுப் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். திடலில் தகரக்கூரை, பிப்ரவரியிலேயே அடியில் வெந்தது. முந்நூறு பேரும் வேர்த்தபடி அந்தச் சின்னப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்களை அவ்வளவு சின்ன இடத்துக்குள் எப்படி அடைத்தார்கள் என்று தேடுகிற மாதிரி.

எத்தெல்வினா எழுந்தாள். எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை. முழங்கால் தானாக நிமிர்ந்துவிட்டது.

“சார், அந்தக் கனடாப் பட்டை இருக்கே. அதுக்குள்ள என் தங்கச்சி இருக்கா.”

சிரிப்பு எழுந்தது. அதிகாரியும் சிரித்தார். “வாழ்த்துக்கள் அம்மா.”

“பனிக்காலத்துல அவளுக்கு வேலை இல்ல. அரசாங்கம் பணம் குடுக்குது. அவளுக்கு வேலை இல்லன்னு அங்க எழுதியிருக்காங்க. எனக்கு வேலை இல்ல, எனக்கு ஒருத்தரும் பணம் குடுக்கல, எனக்கு வேலை இருக்குன்னு இங்க எழுதியிருக்கீங்க. இதுல யாரு யாரப் பாத்துப் பொறாமைப்படறது?”

கைதட்டல் வந்தது. அதிகாரி அது அடங்கும்வரை பொறுமையாக இருந்தார். இதெல்லாம் அவர் எத்தனையோ ஊரில் பார்த்தது. “கணக்கெடுப்பு உலகம் முழுக்க ஒரே முறையிலதான் நடக்குது அம்மா. நாங்களா கண்டுபிடிச்சதில்ல. வேற கேள்வி?” என்றார்.

வேறு கேள்வி இருந்தது, பலருக்கு. ஆனால் அந்த “வேற கேள்வி”தான் எத்தெல்வினாவை முள்ளாகக் குத்தியது. அவள் கேட்டதற்குப் பதில் சொன்னதாகவே அந்த மனிதர் நினைத்துக்கொண்டார்.

* * *

தங்கை நோயெமி கனடாவின் லெமிங்டனில் இருந்தாள். கண்ணாடிக் கூடாரங்களுக்குள் தக்காளி பறிக்கிற வேலை. பதினாறு வருஷத்துக்கு முன் போனவள், அங்கேயே கல்யாணம் செய்து குடியுரிமையும் வாங்கிவிட்டாள். எத்தெல்வினா அன்று மத்தியானமே போன் செய்தாள். திரையில் போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு நோயெமி தெரிந்தாள்; பின்னால் ஜன்னலில் வெள்ளையாகப் பனி.

“உன்கிட்டயும் கேக்கறாங்களாடி, வேலை பாத்தியா பாத்தியான்னு?”

“ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கேக்கறாங்கக்கா. போன்ல பட்டன அமுக்கிச் சொல்லணும். ஒரு மணி நேரம் பாத்திருந்தாலும் சொல்லணும், இல்லன்னா காசப் புடிச்சுக்குவாங்க.”

“நீ என்ன சொல்ற?”

“பாக்கலன்னு. நிஜமாவே பாக்கலியே. சூடு போட்டுக்கிட்டு சீரியல் பாத்துக்கிட்டு இருக்கேன்.” அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நோயெமி குரலைத் தாழ்த்தினாள். “இங்க ஒண்ணும் சொர்க்கம் இல்லக்கா. வாடகைக்கே முக்காவாசி போயிடும். ஆனா பட்டினி கெடக்க மாட்டோம். அதான் ஏப்ரல் வரைக்கும் ஒக்காந்திருக்க முடியுது.”

எத்தெல்வினாவுக்குத் தங்கை மேல் கோபமில்லை. தன்னைப் போலவே வேலை போய் டாக்ஸி ஓட்டுகிற எதிர் வீட்டு வென்செஸ்லாவோ மேல் எப்படிக் கோபமில்லையோ அப்படித்தான். கோபம் வேறெங்கோ இருந்தது. அதற்கு முகம் இல்லை என்பதுதான் அதைப் பெரிதாக்கியது. அதே கேள்விதான், ஒரே கேள்விதான் உலகம் முழுக்க. தெரிந்துகொண்ட வரை அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரம் முழுக்க அடுப்பை மூட்டாமல், வண்டியை எடுக்காமல், யார் வீட்டுத் துணியும் துவைக்காமல் இருந்துவிட்டு, “இல்ல, ஒரு மணி நேரம்கூடப் பாக்கல” என்று நிமிர்ந்து சொல்ல வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும். இந்தத் தெருவில் அந்த வசதி எவனுக்கும் இல்லை. அதைப் பார்த்துத்தான் உலகம் பொறாமைப்படுகிறது என்றார் பெனவீதெஸ்.

இதெல்லாம் மனதில் கொதித்துக்கொண்டிருந்த எட்டாம் நாள் ப்ரிசெய்தா வந்து நின்றாள். அந்தப் பெண்ணின் குற்றம் ஒன்றுமில்லை. அவ்வளவு காலையில் வந்தவளுக்கு எத்தெல்வினா ஒரு கோர்தித்தாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். வாங்கக் கூடாது என்று விதி, ப்ரிசெய்தா வாங்கிக்கொண்டாள்.

“ஒருத்தி சொல்ற ‘இல்ல’ல என்ன மாறிடப் போகுது, சொல்லு,” என்றாள் எத்தெல்வினா.

ப்ரிசெய்தா மென்றபடி யோசித்தாள். “அப்படியும் சொல்ல முடியாது தோன்யா. எல்லா வீட்டுக்கும் நாங்க போறதில்ல. அங்கொண்ணு இங்கொண்ணு எடுக்கறோம். அதனால உங்க பதில உங்க பதிலா மட்டும் எடுத்துக்க மாட்டாங்க. உங்கள மாதிரி இந்தப் பகுதில இருக்கிற நானூறு பேரோட பதிலா எடுத்துக்குவாங்க. கொஞ்சம் முன்னபின்ன.”

எத்தெல்வினா கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். “நானூறா?”

“கிட்டத்தட்ட.”

“எங்க தொழிற்சாலை மொத்தமும்.”

“அப்படி நான் சொல்லல,” என்றாள் ப்ரிசெய்தா அவசரமாக. பிறகு டேப்லெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே, “கடைசித் தடவை மே மாசம் ரெண்டாவது செவ்வாய் வருவேன். அதுக்கு முந்தின வாரத்தப் பத்திக் கேப்பேன்,” என்றாள்.

* * *

மே முதல் வாரம் ஞாயிற்றுக்கிழமை எத்தெல்வினா இரும்புக்கல்லைக் கழுவி, எண்ணெய் தடவி, சுவரில் சாய்த்தாள். மகள் யாரெத்சி செவிலியர் படிப்பின் இரண்டாம் வருஷத்தில் இருந்தாள். மேசையில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வாரம் முழுசாவா?”

“ஒரு மணி நேரம்கூட இல்ல.”

“ஏம்மா, எப்படியும் அவ கேக்கும்போது இல்லன்னு சொல்லிட்டுப் போயேன். யாரு வந்து பாக்கப் போறா?”

“பொய் சொல்றவங்க அவங்க. நான் எதுக்குச் சொல்லணும்? நிஜமா வேலை இல்லாம இருந்து காட்டறேன்.”

“வேலை இல்லாம இருக்கறதுக்கு இவ்வளவு பாடுபடற ஆளு நீ ஒருத்திதாம்மா,” என்றாள் யாரெத்சி. பிறகு தன் பஸ் பணத்திலிருந்து மூன்று நாளுக்குரியதைப் பிரித்து மேசையில் வைத்தாள். எத்தெல்வினா அதைத் தொடவில்லை.

எதிர் வீட்டு வென்செஸ்லாவோவும் சேர்ந்துகொண்டான். அவனும் அதே தொழிற்சாலை, சரக்கு தூக்கும் வண்டி ஓட்டியவன், ஐம்பத்து மூன்று வயது. இப்போது மைத்துனனின் டாக்ஸியைப் பகல் நேரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் வீடும் கணக்கெடுப்புப் பட்டியலில் இருந்தது. “நீ நானூறு, நான் நானூறு. எண்ணூறு பேர வேலையில்லாமப் பண்ணிடலாம். தொழிற்சாலைக்காரனே அவ்வளவு பண்ணல,” என்று சிரித்தான். சாவியை மைத்துனனிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

சும்மா இருந்தால் மட்டும் போதாது என்று ப்ரிசெய்தா சொல்லியிருந்தாள். வேலை தேடாதவரை வேலையில்லாதவர் என்று எழுத மாட்டார்களாம். அவர் எந்தக் கணக்கிலும் வராமல் வீட்டில் இருப்பவர் ஆகிவிடுவாராம். எனவே எத்தெல்வினா திங்கட்கிழமை காலையில் ஆறு மணிக்கே சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சும்மா பேருக்கு இல்லை. வேலை கொடுத்தால் அன்றே சேருகிற எண்ணத்தோடுதான் போனாள்.

கார் இருக்கை தைக்கிற தொழிற்சாலையின் வாசலில் ஆட்கள் தேவை என்று பெரிய பதாகை. அதன் அடியில் சின்ன எழுத்தில் பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயதுவரை. அவளுக்கு நாற்பத்தேழு. காவலாளி கையால் கண்ணை மறைத்து வெயிலைப் பார்த்தபடி, “உங்க பொண்ணு இருந்தா அனுப்புங்கம்மா,” என்றான். செவ்வாயன்று போன இடத்தில் மனுவைப் பெட்டியில் போடச் சொன்னார்கள். பெட்டி நிறைந்து வாயில் காகிதங்கள் துருத்திக்கொண்டிருந்தன. காற்றில் சில பறந்து வேலியில் ஒட்டிக்கிடந்தன. அவள் அவற்றைப் பொறுக்கி, தன்னுடையதோடு சேர்த்துச் சுருட்டி உள்ளே திணித்தாள். புதன்கிழமைதான் மோசம். அங்கே கம்பிக் கட்டு வேலைதான். ஒரு பலகையைக் கொடுத்து நேரம் பார்த்தார்கள். அவள் விரல்களுக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. எட்டு மாதம் மாவு பிசைந்தும் அவை எதையும் மறக்கவில்லை. சோதனை வைத்த பெண் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். “எங்க பயிற்சியாளரே இவ்வளவு வேகம் இல்ல,” என்றாள். அப்புறம் தாளில் பிறந்த வருஷத்தைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. “மன்னிச்சுக்கங்க. கம்ப்யூட்டர்ல போட்டா எடுக்காது.”

எத்தெல்வினா அந்தப் பலகையை மேசையில் மெதுவாக வைத்தாள். அதைத் தூக்கி அந்தக் கண்ணாடிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடித்திருந்தால் அதையும் எவனாவது எந்தப் பட்டையிலாவது எழுதியிருப்பான்.

வியாழக்கிழமை மத்தியானம் கட்டட வேலையிடத்து மேஸ்திரி வீட்டுக்கே வந்துவிட்டார். நான்கு நாளாக அவள் வராததால் உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு ஓர் ஆரஞ்சுப் பையும் கொண்டுவந்திருந்தார். நாளைக்குக் கூரைக்குக் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் முதலாளி செலவில் சாப்பாடு போடுவது வழக்கம். “தொண்ணூறு பேருக்கு மேல இருக்கும் தோன்யா. ஆளுக்கு நாலு. நீங்கதான் பண்ணணும்னு சொல்லிட்டேன்.”

எட்டு மாதத்தில் இவ்வளவு பெரிய காரியம் அவளுக்கு வந்ததில்லை. யாரெத்சியின் அடுத்த பருவக் கட்டணம் அப்படியே கண்ணில் வந்து நின்றது. பொய் சொல்லிவிடலாம், ஜுரம் என்று. அதுவும் வரவில்லை.

“இந்த வாரம் நான் வேலை பாக்கறதில்ல மேஸ்திரி.”

“ஏன், என்ன ஆச்சு?”

சொன்னாள். மேஸ்திரி பாதிவரை கேட்டார். அவர் புருவம் மேலே போய் மேலேயே நின்றது. “வேலை குடுக்கறேங்கறேன், வேலை இல்லன்னு எழுதிக்கணும்கறீங்க. எனக்குப் புரியல. படிச்சவங்க சமாசாரமா இருக்கும்.” எழுந்தவர் ஆரஞ்சுப் பையைத் திருப்பி எடுக்க ஒரு கணம் கை நீட்டி, பிறகு விட்டுவிட்டார். “நான் வேற ஆளப் பாத்துக்கறேன். அவங்களையே தொடர்ச்சியா வரச் சொல்லிடுவேன், நடுவுல விட்டுட்டா எங்களுக்குக் கஷ்டம். நீங்க இனிமே சிரமப்பட வேண்டாம். அப்புறம் என்மேல வருத்தப்படாதீங்க.”

வெள்ளிக்கிழமை நாற்பத்தொரு டிகிரி. ஊரின் மறுகோடியில் இருந்த தொழிற்சாலை வாசலில் மூன்று மணி நேரம் நின்று, நாளைக்கு வா என்ற பதிலை வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக் கொடுக்க மனமில்லாமல் நடந்து வந்தாள். வறண்டு கிடந்த ஆற்றின் பாலத்தருகே ஒரு டாக்ஸி அவளைத் தாண்டிப் போய், தயங்கி, பின்னால் வந்து நின்றது. வென்செஸ்லாவோ ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவன் குனிந்து கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறிக்கொண்டாள்.

“ரொசெந்தாவோட இன்சுலின் தீர்ந்துபோச்சு எத்தெல்,” என்றான் பாலம் தாண்டிய பிறகு. ரொசெந்தா அவன் மனைவி. “காலைலதான் பாத்தேன். ரெண்டு சவாரி. அவ்வளவுதான்.”

“நான் ஒண்ணும் கேக்கலியே.”

“செவ்வாய்க்கிழமை அந்தப் பொண்ணு கேட்டா சொல்லிடுவேன். எனக்குப் பொய் வராது.”

“சொல்லு.”

“நானூறு பேரக் கவுத்துட்டேன்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனைத் திட்டுவதற்கு ஒரு சொல்லாவது வரும் என்று பார்த்தாள். ரொசெந்தாவின் வீங்கிய கால்தான் ஞாபகம் வந்தது. வீட்டு முன்னால் இறங்கும்போது பழக்கத்தில் பைக்குள் கைவிட்டாள்.

“காசக் குடுத்துடாத தாயி,” என்றான் வென்செஸ்லாவோ. “அது இன்னொரு அரை மணி நேரமாயிடும்.”

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் நிற்கவில்லை.

* * *

செவ்வாய்க்கிழமை ப்ரிசெய்தா வந்தபோது சமையலறையில் வாசனை எதுவும் இல்லை. அவள் அதைக் கவனித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

போன வாரத்தில் ஒரு மணி நேரமாவது. இல்லை. சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், வருமானம் வருகிற மாதிரி ஏதாவது. இல்லை. ஒவ்வோர் இல்லைக்கும் எத்தெல்வினாவின் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. அடுத்த கேள்வியைப் படிப்பதற்கு முன் ப்ரிசெய்தா தலையை நிமிர்த்தாள்.

“போன வாரம் வேலைக்குப் போகலன்னாலும், நீங்க திரும்பிப் போறதுக்குன்னு ஒரு வேலையோ வியாபாரமோ இருக்கா?”

இந்தக் கேள்வியை எத்தெல்வினா எதிர்பார்த்திருக்கவில்லை. ஒரு வாரம் அடுப்பை அணைத்து வைத்தால் போதும் என்று நினைத்திருந்தாள். நாளைக்குக் கல்லைத் தூக்கி அடுப்பில் வைப்பாள் என்றால், அவள் வேலையில் இருப்பவள்; விடுமுறை எடுத்தவள். அவர்கள் அதற்கும் ஒரு பொறி வைத்திருந்தார்கள். சாத்திவைத்த கல்லைப் பார்த்தாள். மேஸ்திரி வைத்துவிட்டுப் போன ஆரஞ்சுகளில் மிச்சம் இரண்டு மேசையில் இருந்தன.

“இருந்துது,” என்றாள். “வியாழக்கிழமை போயிடுச்சு. கட்டடத்துக்கு வேற ஆள வச்சுக்கிட்டாங்க. என்னை வர வேண்டாம்னுட்டாங்க.”

“நிஜமாவா?”

“நிஜமா.”

ப்ரிசெய்தா எழுதினாள். வேலை தேடினீர்களா என்ற கேள்விக்கு எத்தெல்வினா நான்கு வாசல்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அங்கே கேட்டதையும் சொன்னாள். வயதைப் பற்றி எழுத டேப்லெட்டில் இடம் இல்லை. கேள்விகள் முடிந்ததும், “என்ன போட்டிருக்கு, சத்தமா படி,” என்றாள்.

“வேலையில்லாதவர்,” என்று படித்தாள் ப்ரிசெய்தா.

“இன்னொரு தடவ.”

“வேலையில்லாதவர்.”

ஜெயித்துவிட்டதாக இருக்கும் என்று ஒரு வாரம் முழுக்க நினைத்திருந்தாள். வேலையில்லாமல் போன இத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் அதை நம்பி எழுதியிருக்கிறார். அந்த ஒற்றைச் சொல்லை வாங்க அவள் கையில் இருந்த ஒரே பிழைப்பைக் கொடுத்துவிட்டாள் என்பது இப்போதுதான் முழுசாக உறைத்தது. ஒருத்தி ‘எனக்கு வேலை இல்லை’ என்ற உண்மையைச் சொல்ல இவ்வளவு விலை வைத்திருக்கிறார்கள்.

“எப்ப வரும் இந்தக் கணக்கு?”

“ஆகஸ்ட் மாசம்.”

“அஞ்சத் தாண்டுமா?”

“தெரியாது தோன்யா. என் கையில இருக்கிறது இந்தத் தெருவுல அஞ்சு வீடு. எத்தனையோ பேரு எத்தனையோ தெருவுல கேட்டுக்கிட்டு இருக்காங்க.” கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தவள் வாசலில் நின்றாள். தொப்பியைப் போட்டுக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

* * *

புதன்கிழமை காலை எத்தெல்வினா கல்லை அடுப்பில் வைத்தாள். இருந்த மாவுக்கு முப்பது கோர்தித்தா வந்தது. மேஸ்திரி வர வேண்டாம் என்றது ஞாபகம் இருந்தது. தெரு யாருடைய அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு நான்கு தெருவையும் நடந்தாள். வழியெல்லாம் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போனாள். தன் இடத்தில் எவளாவது நின்றால் என்ன கேட்பது, மேஸ்திரி வந்தால் என்ன சொல்வது, எதற்கும் அடங்காவிட்டால் யார் காலில் எந்த வாளியைக் கவிழ்ப்பது என்பதுவரை.

வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதுக்குமேல் இருக்காது. காலடியில் மூடி போட்ட வெள்ளைப் பெட்டி. முதுகில் துணியில் கட்டிய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எத்தெல்வினாவின் வாளியைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“மேஸ்திரிதான் வரச் சொன்னாரு,” என்றாள், கேட்பதற்கு முன்பே.

“தெரியும்.”

“கூரை ஊத்தினதுலேந்து வரேன். நீங்க வர்றதில்லன்னு சொன்னாரு.” கொஞ்சம் நிறுத்தி, கூர்ந்து பார்த்தாள். “நீங்க முதல் ஷிப்டு தானே? பச்சைக் கம்பி வரிசை?”

எத்தெல்வினா வாளியைக் கீழே வைத்தாள். இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறாள். மூன்றரை மணிக்குத் தாங்கள் வெளியே வரும்போது உள்ளே போகிற கூட்டத்தில், தலையில் வலை மாட்டிக்கொண்டே.

“நான் ரெண்டாவது ஷிப்டு,” என்றாள் அந்தப் பெண். “உங்க பலகையிலதான் நான் நின்னேன். சாயங்காலம் வந்து பாத்தா எல்லாம் அடுக்கி வச்சிருப்பீங்க.”

வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எத்தெல்வினாவின் வாயில் இருந்தன. அவற்றைச் சொல்ல இங்கே ஆள் இல்லை. உலகமே பொறாமைப்படுகிற நாட்டில் வேலையில் இருக்கிற ஒருத்தி, போன வாரம் பத்து மணி நேரமாவது வேலை பார்த்திருப்பவள், குழந்தையின் கால் வெயிலில் படாமல் துணியை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

“வேலை பாத்தியான்னு உன்னைக் கேட்டப்ப என்ன சொன்ன?” என்றாள் எத்தெல்வினா.

“யாரு கேட்டா?”

“ஒண்ணுமில்ல.”

எத்தெல்வினா வாசலின் மறுபக்கம் போய், மணல் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லின் மேல் வாளியை வைத்து, துணியை விலக்கினாள். ஆவி எழுந்தது. அந்தப் பெண்ணும் பெட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே சங்கு ஊதியது. சிமெண்டு படிந்த தொப்பிகளோடு ஆட்கள் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். முன்னால் வந்தவன் இரண்டடி வைத்துவிட்டு, இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், அப்படியே நின்றான். பின்னால் வந்தவர்கள் அவன் முதுகில் மோதி நின்றார்கள். கையில் சில்லறையோடு, வெயிலில், ஒருவரும் எந்தப் பக்கமும் காலெடுத்து வைக்காமல்.